மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால்

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பையனுக்கு நம் ஊரில் வரன் அமைந்தால் காரியங்கள் எந்த வரிசையில் நடக்கும் என்பது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஜாதகம், பெண் பார்த்தல், நிச்சயதார்த்தம், மண்டபம், பத்திரிகை, சமையல்காரர், தாலி, விருந்து. எல்லாம் முடிந்து, லீவு தீர்ந்து, மாப்பிள்ளை பாரீசுக்கு விமானம் ஏறிய மறுநாள்தான் வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: "ஆமாம், பொண்ணோட விசாவுக்கு என்ன செய்யணும்?"

இந்த வரிசை தவறு. அறியாமையால் நடக்கிற தவறு என்று கூடச் சொல்ல மாட்டேன். அறுபது வருஷமாக இந்த ஊரில் இப்படிப்பட்ட கல்யாணங்கள் நடக்கின்றன. தெரியாது என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. சோம்பலும், தெரிந்தவர் சொன்னார் என்ற குருட்டு நம்பிக்கையும்தான் காரணம். இரண்டுக்கும் விலை கொடுப்பவள் பெண்.

நான் வக்கீல் அல்ல. அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் அக்கம்பக்கத்தில் யாருக்காவது கோன்சுலாவிலிருந்து கடிதம் வந்தால் என்னிடம் எடுத்துக்கொண்டு வருவார்கள். படித்துச் சொல்வேன். காசு வாங்குவதில்லை, காப்பி கொடுத்தால் குடிப்பேன். அப்படிப் படித்துப் படித்து வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மண்டையில் ஏற வேண்டும். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் அது சட்டப்படி அமலுக்கு வந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்தார்கள். மற்றவர்கள் இந்தியர் ஆனோம். ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில், அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. அந்த அண்ணனின் பேரனுக்குத்தான் இன்று நாம் பெண் கொடுக்கிறோம். அவன் நம்மைப் போலவே மீன் குழம்பு சாப்பிடுவான், மாசி மகத்துக்குக் கடற்கரைக்கு வருவான். ஆனால் சட்டத்தின் முன்னால் அவன் பிரெஞ்சுக்காரன், நம் பெண் ஒரு வெளிநாட்டு மனைவி. "நம்ம பையன்தானே" என்ற பேச்சு கல்யாணப் பந்தியில் செல்லும், விசா ஜன்னலில் செல்லாது.

இனி வழிகளுக்கு வருவோம். பிரெஞ்சுக் குடிமகன் ஒருவன் இந்தியப் பெண்ணை மணந்து பிரான்சில் குடும்பம் நடத்த, நம் ஊரில் நான்கு வழிகள் பேசப்படுகின்றன.

முதல் வழி, கல்யாணத்துக்கு முன்பே கோன்சுலாவில் திருமணத் தகுதிச் சான்றிதழ் வாங்குவது. பிறகு இங்கே மணம் முடித்து, இங்கேயே பதிவு செய்து, அந்தப் பதிவைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றி, 'லிவ்ரே' என்று நாம் சொல்லும் குடும்பப் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, மனைவி என்ற முறையில் நீண்ட கால விசா கேட்பது.

இரண்டாவது, பெண் குறுகிய கால விசாவில் கல்யாணத்துக்காக என்று வெளிப்படையாகச் சொல்லிப் போய், அங்கே மெரியில் மணம் முடிப்பது.

மூன்றாவது, இங்கே மணம் முடித்துவிட்டு, டூரிஸ்ட் விசாவில் போய், "உள்ளே போய் மாத்திக்கலாம்" என்பது.

நான்காவது, குடும்ப ஒன்றிணைப்பு என்கிற 'ரெக்ரூப்மான் ஃபமிலியால்'.

நான்காவதை உடனே தள்ளிவிடலாம். அது பிரான்சில் அட்டை வைத்துக்கொண்டு வாழும் வெளிநாட்டவருக்கான வழி. அங்கே வேலை பார்க்கும் இந்தியப் பிரஜை ஒருவர், குறைந்தது பதினெட்டு மாதம் முறைப்படி வசித்திருந்து, போதிய வருமானமும் வீடும் காட்டி, மனைவியை வரவழைக்கக் கேட்பது. பிரெஞ்சுக் குடிமகனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் "மாப்பிள்ளைக்கு இன்னும் பெரிய வீடு கிடைக்கலையாம், அதனால விசா போட முடியலையாம்" என்று ஒரு வருஷம் காத்திருந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் தன் விஷயத்தைச் சொல்ல, இவர்கள் அதைத் தங்கள் விஷயம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் என்ன நிறம் என்று கூடப் பார்க்காமல் ஒரு வருஷம் போயிற்று.

என் சண்டை மூன்றாவது வழியோடுதான். ஏனென்றால் நம் ஊரில் அதிகம் சிபாரிசு செய்யப்படுவது அதுதான். டிராவல்ஸ்காரர் சொல்வார், கல்யாணத் தரகர் சொல்வார், சார்செலில் இருபது வருஷமாக இருக்கிற சித்தப்பா தொலைபேசியில் சொல்வார்: "டூரிஸ்ட்டுல வரச் சொல்லு, அப்புறம் பாத்துக்கலாம்."

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு, மறுக்கவில்லை. குறுகிய கால விசாவில் முறைப்படி உள்ளே வந்தவர், பிரெஞ்சுக் குடிமகனை மணந்து, ஆறு மாதம் அங்கே சேர்ந்து வாழ்ந்ததை நிரூபித்தால், நீண்ட கால விசாவுக்காக ஊர் திரும்பாமலே அட்டை கேட்கலாம். ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கல்யாணம் பிரான்சில் நடந்திருக்க வேண்டும். வில்லியனூரில் தாலி கட்டிக்கொண்டு டூரிஸ்ட் விசாவில் போன பெண்ணுக்கு அது பொருந்தாது. அவள் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். சித்தப்பா பார்த்த யாரோ ஒரு பெண் மெரியில் கல்யாணம் செய்துகொண்டவளாக இருந்திருப்பாள். அந்த ஒரு வித்தியாசத்தைச் சித்தப்பா கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. டூரிஸ்ட் விசா கேட்பவரிடம் அதிகாரி முதலில் பார்ப்பது, இவர் தேதி முடிந்தால் திரும்பி வருவாரா என்பதைத்தான். கல்யாணமாகி மூன்று மாதமான பெண், புருஷன் பிரான்சில், "ஐஃபல் கோபுரம் பார்க்கப் போகிறேன்" என்றால் யார் நம்புவார்? சந்தேகம் என்ற ஒரே காரணத்தால் மறுக்கலாம். மறுத்தது ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினியில் ஐந்து வருஷம் வரை நிற்கும். மறுபக்கம், மனைவி என்ற முறையில் நீண்ட கால விசா கேட்டால் நிலைமையே வேறு. மோசடி, திருமணம் ரத்தானது, பொது ஒழுங்குக்கு ஆபத்து என்ற காரணங்களுக்காகத்தான் சட்டம் மறுக்க அனுமதிக்கிறது. விசாக் கட்டணமும் கிடையாது, விண்ணப்பத்தை வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும்தான். வேலை செய்யும் உரிமையோடு வருகிற விசா அது. போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதி செய்தால் போதும்.

ஆக, உரிமையாகக் கேட்கக்கூடிய ஒன்றை விட்டுவிட்டு, தயவாகக் கிடைக்கக்கூடிய ஒன்றுக்காகப் பொய் சொல்லச் சொல்கிறார்கள். அதையும் யார் வாயால்? நேற்றுக் கழுத்தில் தாலி ஏறிய பெண்ணின் வாயால். சித்தப்பா கையெழுத்துப் போடப் போவதில்லை.

இரண்டாவது வழியை நான் தூற்ற மாட்டேன், அது நேர்மையான வழி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குறுகிய கால விசா அதிகபட்சம் தொண்ணூறு நாள். அட்டை கேட்க ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். நடுவில் இருக்கும் மாதங்களில் அவள் கையில் செல்லுபடியாகும் தாள் இருக்காது. வேலைக்குப் போக முடியாது. இங்கே தகப்பனாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் ஓடி வர முடியாது, வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மொழி தெரியாத ஊரில், பனிக்காலத்தில், புருஷன் வீட்டார் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். நல்ல குடும்பமாக இருந்தால் சமாளித்துவிடலாம். இல்லாவிட்டால்?

அதனால்தான் முதல் வழி என்கிறேன். "அது ரொம்ப நாள் ஆகும்" என்பார்கள். தேதியை எண்ணத் தெரிந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

2006 நவம்பர் 14ஆம் தேதிச் சட்டத்துக்குப் பிறகு, பிரெஞ்சுக்காரர் ஒருவர் வெளிநாட்டு அதிகாரி முன்னிலையில் மணந்தால், முன்கூட்டியே தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். கோன்சுலாவிலும், பையன் குடியிருக்கும் ஊர் மெரியிலும் பத்து நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். தேவை என்றால் இருவரையும் விசாரிப்பார்கள். சந்தேகம் வந்தால் அரசு வழக்கறிஞருக்கு எழுதுவார்கள், எதிர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்கு இரண்டு மாதம்.

சான்றிதழ் வாங்காமல் மணம் முடித்தால்? கல்யாணம் செல்லாது என்று அர்த்தமல்ல. ஆனால் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றப்போகும்போது அதே விசாரணை அப்போது நடக்கும். சந்தேகம் வந்து அரசு வழக்கறிஞரிடம் போனால் அவருக்கு ஆறு மாதம். அவர் பதில் சொல்லாவிட்டால் நீங்கள்தான் நீதிமன்றம் போக வேண்டும். பதிவேட்டில் ஏறாதவரை லிவ்ரே கிடையாது. லிவ்ரே இல்லாமல் மனைவி என்று விசா கேட்க முடியாது.

முன்னால் இரண்டு மாதம், பின்னால் ஆறு மாதம். அதுவும், முன்னால் காத்திருக்கும்போது அவள் அப்பா வீட்டில், வேலைக்குப் போய்க்கொண்டு, கல்யாணமாகாத பெண்ணாக இருக்கிறாள். பின்னால் காத்திருக்கும்போது "இன்னும் போகலையா?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சில வீடுகளில் அவளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். புருஷன் அங்கே, மனைவி இங்கே, சமையல் மட்டும் மாமியாருக்கு.

"மாப்பிள்ளைக்கு லீவு இல்லை" என்பது அடுத்த சாக்கு. விசாரணைக்கு இருவரும் சேர்ந்து வர வேண்டும் என்றே கட்டாயமில்லை. கோன்சுலா கேட்டுக்கொண்டால் பையனை அவன் குடியிருக்கும் ஊர் மெரியிலேயே விசாரிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அறிவிப்புக் காலம் முடிந்ததிலிருந்து ஒரு வருஷம் வரை கல்யாணம் செய்துகொள்ளலாம். ஆனியில் ஆரம்பித்தால் தை மாத முகூர்த்தத்துக்குக் கையில் தாள் இருக்கும். மண்டபத்துக்கு எட்டு மாதம் முன்னால் ஓடத் தெரிந்தவர்களுக்கு இதற்கு ஓடத் தெரியாதா?

"நம்மைச் சந்தேகப்படுகிறார்கள், இது அவமானம்" என்பவர்களும் உண்டு. இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் அந்தக் கொடிக்காகச் சண்டை போட்ட சொல்தாவின் பேரனைப் பார்த்து, "இந்தப் பெண்ணை எதற்காகக் கட்டிக்கொள்கிறாய்?" என்று கேட்கிறார்கள். கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தைக் கடிதமாக எழுதுங்கள், தேர்தல் சமயத்தில் வந்து ஓட்டுக் கேட்பவர்களிடம் சொல்லுங்கள். அந்தச் சண்டையில் நம் வீட்டுப் பெண்ணை முன்னால் நிறுத்தாதீர்கள்.

சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. காகிதத்துக்காகக் கல்யாணம் என்பது நம் ஊரில் கேள்விப்படாத ஒன்றா? வரன் விளம்பரத்தில் "பிரெஞ்சு நேஷனாலிட்டி" என்பதை எஞ்ஜினியர் பட்டத்துக்கும் மேலே போடுகிறோம். பவுன் கணக்கில் அதற்கு ஒரு விலை வைக்கிறோம். வயது, படிப்பு, முன்பு ஒரு கல்யாணம் இருந்ததா என்பதையெல்லாம் விசாரிக்காமல் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தலையாட்டுகிறோம். தாளுக்காக மட்டும் கல்யாணம் செய்துகொண்டால் அங்கே ஐந்து வருஷச் சிறையும் பதினைந்தாயிரம் யூரோ அபராதமும் விதிக்கச் சட்டம் உண்டு. தரகர் அதைச் சொல்ல மாட்டார்.

விசாரணைக்குப் பெண்ணைத் தயார் செய்யும் அழகையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பார்த்து வைத்த சம்பந்தம். பையனும் பெண்ணும் நேரில் பார்த்தது இரண்டு தடவை. இதை அப்படியே சொன்னால் என்ன? "இல்ல, லவ் மேரேஜ்னு சொல்லும்மா, வெள்ளைக்காரனுக்கு அதுதான் புரியும்" என்று உட்கார வைத்து ஒப்பிக்க வைக்கிறார்கள். எந்தக் கடற்கரையில் சந்தித்தீர்கள், என்ன ஐஸ்கிரீம் சாப்பிட்டீர்கள் என்று ஒரு கதை. பையனுக்கு அங்கே வேறு ஒருவர் வேறு கதை சொல்லிக் கொடுத்திருப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அதிகாரிக்கு என்ன தோன்றும்? பெரியவர்கள் பார்த்துச் செய்யும் கல்யாணம் என்றால் என்ன என்று புதுச்சேரியில் உட்கார்ந்திருக்கும் கோன்சுலாவுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. யார் சம்பந்தம் கொண்டு வந்தார், எந்தக் கோயிலில் பெண் பார்த்தார்கள், அதன் பிறகு வாட்ஸ்அப்பில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று உள்ளதைச் சொல்லட்டும். இருவருக்கும் சம்மதமா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்கவும் இந்த விசாரணை இருக்கிறது என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் மறக்கக் கூடாது.

குமாஸ்தா புத்தியில் இன்னொன்று. பெயரைப் பாருங்கள், பெயரை! 1881ஆம் வருஷ தெக்ரேயின்படி ரெனோன்சான் ஆனவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அப்பா பெயர், இனிஷியல். பிரெஞ்சுக்காலப் பதிவில் 'உ' என்ற ஓசைக்கு இரண்டெழுத்து, இங்கிலீஷ் பாஸ்போர்ட்டில் ஓரெழுத்து. தாத்தா ஒரு லட்சுமணன், அப்பா ஒரு லச்சுமணன், ஆதாரில் லக்ஷ்மணன். நமக்கு மூவரும் ஒரே குடும்பம். நாந்த்தில் இருக்கும் எத்தா சிவில் அலுவலகத்துக்கு மூன்று குடும்பம். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கல்யாணப் பதிவு மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பத்திரிகை அச்சடிப்பதற்கு முன்னால் பாருங்கள். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பையன் வராமல் கணினித் திரையில் கல்யாணம் என்பதும் ஆகாது. எங்கே நடந்தாலும் பிரெஞ்சுக்காரர் நேரில் இருக்க வேண்டும்.

கடைசியாக, பெண்ணைப் பெற்றவர்களுக்கு மட்டும் ஒன்று. நேரான வழியில் போன பெண்ணுக்கு அங்கே கால் ஊன்ற இடம் உண்டு. மொழி வகுப்புக்கு அரசாங்கமே கூப்பிடும். வேலைக்குப் போகலாம். அட்டை புதுப்பிக்கச் சேர்ந்து வாழ வேண்டும் என்பது விதி. ஆனால் புருஷன் அடித்ததால் பிரிந்தாள் என்றால், பிரிந்துவிட்டாள் என்பதை மட்டும் காட்டி அட்டையைப் பறிக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. சேர்ந்து வாழ்ந்து, நிபந்தனைகள் சரியாக இருந்தால், கல்யாணமாகி நான்கு வருஷத்தில் குடியுரிமைக்கே எழுதிப் போடலாம். டூரிஸ்ட் விசாவில் போய்த் தேதி தாண்டி உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் என்ன இருக்கிறது? புருஷன் "வெளியே போ" என்றால் போலீசுக்குப் போகவே பயப்படுவாள். அவளுடைய பாதுகாப்பை அவன் ஒருவனுடைய நல்ல குணத்தில் அடகு வைத்துவிட்டோம். நூறு பவுன் போட்டு அனுப்பினாலும் அந்த அடகு மீளாது.

எனவே சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பையனுடைய பிறப்புப் பதிவு நகல் எங்கே? தகுதிச் சான்றிதழுக்கு எப்போது எழுதிப் போடப் போகிறீர்கள்? பெண் எந்த விசாவில் போகிறாள்? முதல் இரண்டுக்கும் மழுப்பி, மூன்றாவதற்கு "டூரிஸ்ட்" என்று பதில் வந்தால், காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பி வையுங்கள். வேறு வரன் வரும்.